மூன்றாம் தடவை திருத்துவதற்கு

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை திகதி தள்ளிப் போடுவது. மாநகர சபையில், நீர் வழங்கல் பகுதியில், முப்பத்தொரு வருஷம் லிகிதராக இருந்து கற்றுக்கொண்டது அது. தெரு தோண்டும் திகதி, குழாய் மாற்றும் திகதி, தண்ணீர் நிறுத்தும் திகதி எல்லாம் என் மேசையில்தான் முடிவாகும். வீட்டில் கல்யாணம், தோண்டுவதை அடுத்த கிழமைக்குப் போடுங்கள் என்று யாராவது வந்து நிற்பார்கள். ஒரு கடிதம் தாங்க என்பேன். எழுதத் தெரியாதவருக்கு நானே எழுதி, கையெழுத்தை மட்டும் வாங்கி, பைலில் போட்டுத் திகதியை மாற்றிவிடுவேன். தள்ளிப் போட்ட திகதியால் யாரும் செத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் பெயர் இராமநாதன். கண்டியிலேயே பிறந்தவன். தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து கடை வைத்த குடும்பம். மனைவி பத்மாதேவி சுன்னாகத்துக்காரி. பேராதனையில் படிக்க வந்தவள், என்னைக் கட்டிக்கொண்டு அம்பிட்டியவில் தங்கிவிட்டாள். எங்கள் அம்மா, அப்பாவை ‘என்னங்க’ என்பார். தேவி என்னை ‘இஞ்சாருங்கோ’ என்பாள். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு என் தங்கச்சிமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு அப்படி இல்லை. குசினியிலிருந்து அந்த ஒரு சொல் வந்தால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழும்பிவிடுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் சத்தம் என்றால் அவள் குரல்தான்.

தேவி கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்ட உள்ள ஒரு தனியார் மொழி நிலையத்தில் தமிழ் படிப்பித்தாள். அரச வேலையில் இருக்கும் சிங்களவர்கள் தமிழும், தமிழர்கள் சிங்களமும் பரீட்சை எழுதித் தேற வேண்டும் அல்லவா, அந்தப் பரீட்சைக்கான வகுப்பு. பொலிஸ்காரர், தாதிமார், கிராம சேவகர் என்று நாற்பது பேர் சனிக்கிழமைகளில் வந்து உட்காருவார்கள். அவளுக்கு ஒரு முறை இருந்தது. எந்த வசனத்தையும் மூன்று தடவை சொல்வாள். முதல் தடவை பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். இரண்டாம் தடவை மெதுவாகச் சொல்வாள், எழுத வேண்டும். மூன்றாம் தடவை திருத்துவதற்கு. நடுவில் பத்து விநாடி இடைவெளி விடுவாள். நாலாம் தடவை என்ன கெஞ்சினாலும் சொல்ல மாட்டாள். பொலிஸ் இன்ஸ்பெக்டரே எழும்பிக் கேட்டாலும், போனது போனதுதான் என்பாள்.

போன வருஷத் தொடக்கத்தில் அவள் தொண்டை கட்டியது. டீச்சர்மாருக்கு அது வருவதுதான் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தோம், கற்கண்டு வாயில் போட்டோம். மூன்று மாதம் அப்படியே போக்கிவிட்டோம். பிறகு ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, சதை வெட்டிச் சோதித்து, குரல்வளையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும், எடுத்தால் பிழைக்கலாம், பேச முடியாது. சத்திரசிகிச்சைக்குப் பதினாறு நாள் தள்ளி ஒரு புதன்கிழமையைத் திகதியாகக் கொடுத்தார்கள்.

தேவி அழவில்லை. நான்தான் பஸ்ஸில் வரும்போது மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன். அவள் சனிக்கிழமை வகுப்பை யார் எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

நிலையத்தை நடத்துகிறவன் சுதேஷ். நல்ல பையன், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லாப் பழியையும் அவன் தலையில் போட எனக்கும் ஆசைதான், ஆனால் முடியாது. விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தான். இப்போது செயற்கை நுண்ணறிவில் ஒருவருடைய குரலையே செய்துகொள்ளலாம், டீச்சர் வசனங்களை வாசித்துப் பதிந்து தந்தால் போதும், அதற்குப் பிறகு எதை டைப் பண்ணினாலும் டீச்சரின் குரலிலேயே சொல்லும், வகுப்பும் நடக்கும், வீட்டிலும் பேசலாம் என்றான். எவ்வளவு வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டாயிரம் வசனம் என்றான். கொஞ்சமாக வாசித்தாலும் குரல் வருமாம், ஆனால் ஆளைப் போல இருக்காதாம். அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

தேவிக்குப் பெரிய விருப்பம் இல்லை. ஆனாலும் தெளிவாக ஒரு கணக்குச் சொன்னாள்.

“அந்தப் புதன்கிழமை வரைக்கும் வாசிப்பன். எவ்வளவு முடியுதோ அவ்வளவு காணும். குரலுக்காகக் கழுத்தைக் குடுக்க ஏலாது.”

நிலையத்தின் பின்னறையில் சுவரெல்லாம் மெத்தை சாத்தி வைத்துப் பதிந்தோம். பாலத்தில் பஸ் ஓட்டம் கூடுவதற்கு முன், விடியக் காலையில் போய்விடுவோம். காலையில்தான் அவள் குரலும் கொஞ்சம் குரலாக இருக்கும். நான் பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தலோடு கதிரையில் இருப்பேன். உங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள். இந்தப் படிவத்தை நிரப்புங்கள். வைத்தியர் வரும்வரை இருங்கள். எல்லாம் பாடப் புத்தக வசனங்கள். செத்த பிறகும் நான் ஊராருக்குப் படிவம் நிரப்பச் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன் போலிருக்கிறது என்று அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. எட்டு மணிக்குள் குரல் உடைந்துவிடும். பிறகு வாசித்தவற்றை சுதேஷின் கணினி தள்ளிவிடும்.

ஒன்பது நாள் முடிந்தபோது அறுநூறு வசனம்தான் தேறியிருந்தது. இன்னும் நாலைந்து நாளில் எப்படிப் பார்த்தாலும் ஆயிரம் தாண்டாது. ஆளைப் போல இருக்காது.

நான் என் வித்தையைக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் கிளினிக் லிகிதரை எனக்குத் தெரியும். அவர் வீட்டுக் குழாய் வேலைக்கு நான்தான் திகதி மாற்றிக் கொடுத்தேன். இரண்டு கிழமை தள்ளிப் போட முடியுமா என்று சிங்களத்தில் கேட்டேன். நான் மற்றவர்களிடம் சொல்வதையே அவர் என்னிடம் சொன்னார்: ஒரு கடிதம் தாங்க. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, தவிர்க்க முடியாத சொந்தக் காரணங்களினால் என்று எழுதி, நோயாளிக்காகக் கணவர் என்று கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். இப்படித் தள்ளினால் கெடுதல் இல்லையா என்று டொக்டரிடம் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் மேசையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து, ஒப்பரேஷன் தியேட்டரில் இடமில்லையாம், ஆஸ்பத்திரியிலேயே திகதியை மாற்றிவிட்டார்கள் என்று தேவியிடம் சொன்னேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, சரி, அப்ப மிச்சத்தையும் வாசிப்பம் என்றாள்.

இரண்டு கிழமை என்று நான் கேட்டேன். கிடைத்தது ஏழு கிழமை. எங்கள் இடத்துக்கு வேறு ஒருவரைப் போட்டாகிவிட்டது, அதற்கடுத்த பட்டியல்கள் முன்பே நிறைந்திருந்தன. லிகிதரிடம் மூன்று தரம் போய் நின்றேன். அவர் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து, நீங்களே பாருங்கள் என்றார். பெயருக்கு மேல் பெயர். நானும் இதே மாதிரிப் புத்தகத்தை எத்தனை பேருக்குத் திருப்பிக் காட்டியிருக்கிறேன். தள்ளத் தெரிந்த எனக்கு இழுக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு கிழமையும் தேவி கேட்பாள், ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றும் சொல்லவில்லையா என்று. இன்னும் இல்லை என்பேன். அவள் இரண்டாயிரம் வசனத்தையும் முடித்தாள். கடைசி நூறையும் ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தது போலத்தான் எடுத்தாள்.

சத்திரசிகிச்சை நடந்தது. கழுத்தின் அடியில் ஒரு துவாரம், அதனால்தான் இனி மூச்சு. வீட்டுக்கு வந்த மறுநாள் சுதேஷ் ஒரு டெப்பை, சிலேட்டளவு தொடுதிரைக் கணினியை, கொண்டுவந்து கொடுத்தான். நிலையத்தின் கணக்கில் குரல் ஏற்றியிருந்தான். தேவி மடியில் வைத்து ஒரு விரலால் தட்டினாள்.

தேத்தண்ணி வேண்டும் என்று அவளுடைய குரல் சொன்னது. நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். பத்து விநாடி கழித்து, தேத்தண்ணி... வேண்டும் என்று மெதுவாகச் சொன்னது. இன்னும் பத்து விநாடி கழித்துத் திரும்பவும் சொன்னது. வகுப்புக்காகச் செய்ததால் அவளுடைய மூன்று தடவை முறையையே சுதேஷ் அதில் வைத்திருந்தான். வீட்டுக்கு அதை நிறுத்தித் தரவா டீச்சர் என்று கேட்டான். தேவி கையை ஆட்டிவிட்டுக் கொப்பியில் எழுதிக் காட்டினாள்: ‘ஆம்பிளையளுக்கு ஒருக்காச் சொன்னா விளங்காது.’ மூவரும் சிரித்தோம். அவள் சிரிப்பில் சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது.

அன்று பின்னேரம் ‘இஞ்சாருங்கோ’ என்று தட்டிப் பார்த்தாள். நான் குசினியில் இருந்தேன். குரல் அவளுடையதுதான், ஆனால் படிவத்தில் என் பெயரை வாசித்துக் கூப்பிட்டது போல இருந்தது. அந்தச் சொல் பாடப் புத்தகத்தில் இல்லை, அவள் அதை வாசித்துக் கொடுக்கவில்லை, அதற்கு எப்படித் தெரியும்? நான் வந்து எட்டிப் பார்த்தபோது அவள் அதை அழித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் தம்ளரில் தட்டுவாள்.

இரண்டு மாதம் அவள் வகுப்புக்கும் போனாள். டெப்பில் தட்டுவாள், ஒலிபெருக்கியில் குரல் வரும், நாற்பது பேரும் எழுதுவார்கள். குரல் காப்பாற்றப்பட்டது என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். சொன்னதை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

மூன்றாம் மாதம் கழுத்தில் கட்டி தெரிந்தது. கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர், புதிதாக வந்தவர், பைலை முதலிலிருந்து புரட்டினார். நானும் தேவியும் எதிரே இருந்தோம். நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறது, கதிர்ச் சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் வாக்குக் கொடுக்க முடியாது என்று சிங்களத்தில் சொன்னார். சொல்லிக்கொண்டே பைலைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். முதல் திகதிக்கே செய்திருந்தால் நல்லது, நீங்கள் ஏன் திகதியை மாற்றினீர்கள் என்று தேவியைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார்.

அவர் விரல் என் கடிதத்தின் மேல் இருந்தது.

தேவிக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் வாசிக்கத் தெரியும். தலைகீழாக இருந்தாலும் வாசிப்பாள். என் சிங்கள எழுத்தை இடியப்பம் பிழிந்த எழுத்து என்று முப்பது வருஷமாகக் கேலி செய்தவள். அவள் குனிந்து கடிதத்தைப் பார்த்தாள். கடைசிவரை பார்த்தாள், கையெழுத்து வரை. பிறகு நிமிர்ந்து டொக்டரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். சில காரணங்கள் இருந்தன டொக்டர் என்று நான் முனகினேன். அவர் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

அம்பிட்டிய பஸ்ஸில் அவளுக்கு யன்னலோர இடம் கிடைத்தது. ஏற்றத்தில் பஸ் இழுத்து இழுத்து ஏறியது. வழி முழுக்க அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஏதாவது சொல்லத்தான் நினைத்தேன். ஆட்கள் இருக்கிறார்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்வோம் என்று அதையும் தள்ளிப் போட்டேன்.

வீட்டில் அவள் சாரியைக்கூட மாற்றவில்லை. மேசையில் இருந்து டெப்பை எடுத்தாள். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். கரண்டி தம்ளரில் தட்டும் சத்தம் கேட்டது. வந்து எதிர்க் கதிரையில் இருந்தேன். நிறைய எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள், அதையும் அழித்தாள். கடைசியில் ஒரு வசனம்தான் மிஞ்சியது போல.

“ஏன் என்னைக் கேட்கவில்லை?”

அவள் குரல். காலையில் வகுப்புக்கு வந்த பிள்ளையிடம் பெயர் கேட்பது போல அமைதியான குரல். கோபமே இல்லை. அறுநூறிலும் இல்லை, இரண்டாயிரத்திலும் இல்லை, கோபத்தை நாங்கள் பதியவே இல்லை. கோபம் முழுக்க அவள் கண்ணில் இருந்தது.

பத்து விநாடி. நான் வாயைத் திறந்தேன்.

“ஏன்... என்னை... கேட்கவில்லை?”

மெதுவாக, எழுதிக்கொள்ள வசதியாகச் சொன்னது. அடுத்த பத்து விநாடியில் அவள் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குரலுக்காகத்தான் செய்தேன், உனக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல நினைத்தேன். இரண்டும் பொய் என்று எனக்கே தெரிந்தது. அந்தக் குரல் வேண்டுமென்று இருந்தவன் நான்.

“ஏன் என்னைக் கேட்கவில்லை?”

மூன்றாம் தடவையும் முடிந்தது. அவள் டெப்பை மூடி, உறையில் போட்டு, அலுமாரிக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தக் குரல் கேட்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. கொப்பியில் வேண்டியதை மட்டும் எழுதுவாள். உப்புக் குறைவு. யன்னலைச் சாத்துங்கோ. நாளைக்குக் கிளினிக். ஒருநாள் அவள் கட்டிலருகே இருந்து, தேவி, அன்னிக்கு நீ கேட்டது என்று தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினாள். நாலாம் தடவை இல்லை.

ஐந்து மாதத்தில் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து சுன்னாகத்து ஆட்கள் ரயில் ஏறிய பிறகு, அலுமாரியைத் திறந்து டெப்பை எடுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். அது நிலையத்தின் பொருள், கொடுக்க வேண்டும். சனிக்கிழமை. சுதேஷ் எழும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். என்ன பேசுவது என்று தெரியாமல் தொழில் பேசினான். டீச்சர் குரலில்தான் இன்னும் வகுப்பு நடக்கிறது, நீங்கள் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன் என்றான். நடக்கட்டும் என்றேன். டீச்சர் டைப் பண்ணின வசனமெல்லாம் நிலையத்தின் கணக்கில் தானாகவே சேர்ந்திருக்கிறது, வீட்டு வசனம் எது, பாட வசனம் எது என்று பார்க்க நேரம் கிடைக்கவில்லை, புது டீச்சர் அதிலிருந்து தேவையானதை எடுத்துக்கொள்கிறா என்றான். பிறகு, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஒன்று சொன்னான்.

“இப்ப வந்திருக்கிறதுக்கு ரெண்டாயிரம் வசனம் எல்லாம் தேவையில்ல அண்ணே. ஒரு நிமிஷம் பேசினா போதும், அப்படியே ஆள் மாதிரி வருது. அன்னிக்கு இது இருந்திருந்தா டீச்சருக்கு அந்தக் கஷ்டமே இல்ல.”

நான் தலையாட்டினேன். ஒரு நிமிஷம். முதல் நாள் முதல் பக்கத்திலேயே அவள் பத்து நிமிஷம் வாசித்திருந்தாள்.

வெளியே வரும் வழியில் வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்து அவள் குரல். கால் தானாக நின்றது. கடைசி வரிசையில் ஒரு கதிரை காலியாக இருக்க, போய் இருந்துவிட்டேன். புது டீச்சர் துஷானி பலகையில் ‘ஏன்’ என்று பெரிதாக எழுதியிருந்தாள். கேள்வி கேட்கும் பாடம். அவளுக்கு என்னைத் தெரியாது, பிந்தி வந்த ஆள் என்று நினைத்து ஒரு கடுதாசியை நீட்டினாள். பிறகு தன் டெப்பைத் தட்டினாள்.

ஏன் என்னைக் கேட்கவில்லை என்று தேவி கேட்டாள்.

நாற்பது பேரும் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். இரண்டாம் தடவை குனிந்து எழுதினார்கள். நானும் எழுதினேன். மூன்றாம் தடவை எல்லோரும் சரிபார்த்துவிட்டு, அவளோடு சேர்ந்து உரக்கச் சொன்னார்கள். பொலிஸ்காரர்களின் தடித்த குரலும் தாதிமாரின் மெல்லிய குரலும் ஒன்றாக என்னைக் கேட்டன.

இப்போது ஒவ்வொருவராக இதற்கு ஒரு பதில் சொல்லுங்கள் என்றாள் துஷானி. எந்தப் பதிலும் சரி, தமிழ் சரியாக இருந்தால் போதும் என்றாள். முன் வரிசையில் ஒரு கிராம சேவகர் எழும்பி, நேரம் இருக்கவில்லை என்றார். சரி. ஒரு தாதி, நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்றாள். சரி. ஒரு பொலிஸ்காரர் தலையைச் சொறிந்து, மறந்துவிட்டேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதுவும் சரி. வரிசை வரிசையாக எழும்பி, நான் ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்ததை ஆளுக்கு அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் துஷானி என்னைப் பார்த்தாள்.

“சேர், நீங்க?”

எழும்பி நின்றேன். வெளியே பாலத்தில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும்வரை காத்திருந்தேன். பிறகு ஒலிபெருக்கியைப் பார்த்துச் சொன்னேன்.

“கேட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள்.”

“நல்லா இருக்கு. சரி, இருங்க” என்றாள் துஷானி.

நான் இருந்தேன். தேவி அடுத்த வசனத்துக்குப் போய்விட்டாள்.